அடைவுத் துண்டு

அன்புள்ள ஐயா,

மானிப்பாயில் இருந்து நெல்லியடிக்கு இரண்டு பஸ் ஏறிப் போய்ப் படிப்பிக்கிறேன். பாவித்த ஸ்கூட்டர் ஒன்று 4 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. நூற்றுக்கு 8 வீத வட்டியில் 6 இலட்சம் நிலையான வைப்பில் வைத்திருக்கிறேன். அதைத் தொட மனம் வரவில்லை. லீசிங் கம்பனி ஒன்று 12 வீதத்துக்கு மூன்று வருடக் கடன் தருகிறது. மாதம் 15,111 ரூபா. விலைவாசி ஏறுகிற காலத்தில் கடன் வாங்கியவனுக்கே இலாபம் என்கிறார் அண்ணா. வாகன விலை இனி இறங்குமா? நான் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள பிள்ளைக்கு,

விலை இறங்குமா என்பதைச் சாத்திரியாரிடம் கேளும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தபோது எல்லோரும் ஆரூடம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அண்ணாவின் பேச்சு 2022க்குப் பொருந்தும். அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். பழைய வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இன்னொரு 2022ஐ எதிர்பார்த்து யாராவது ஸ்கூட்டர் வாங்குவார்களா?

நீர் படிப்பிப்பது கணிதம் இல்லை என்று நம்புகிறேன். அந்த 12 வீதம், 36ஆவது மாதத்திலும் 4 இலட்சம் முழுதாக உம்முடைய கையில் இருப்பது போலப் போட்ட வட்டி. மாதாமாதம் முதலும் குறைகிறதே! அதைச் சேர்த்துப் பார்த்தால் 21 வீதத்துக்கு மேல் வரும். நீர் கட்டப்போவது 544,000. நீர் தொடாமல் காக்கிற 4 இலட்சம், வட்டியில் 10 வீத வரி போக, மூன்று வருடத்தில் 486,400 ஆகும். மாறாக, அந்த 4 இலட்சத்தை எடுத்து ஸ்கூட்டரை வாங்கிவிட்டு, அதே 15,111ஐ மாதாமாதம் வங்கியில் போட்டால், வட்டியே இல்லாமல் 544,000 சேரும். 57,600 ரூபா வித்தியாசம். போட்டால்.

இந்தப் 'போட்டால்' என்ற சொல்லில்தான் சில நாட்களாக நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

என் அம்மாவிடம் ஒரு சோடிக் காப்பு இருந்தது. ஒவ்வொரு போகமும் விதை வெங்காயம் வாங்க அது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைக்கு அடைவுக்கு, அதாவது அடகுக்கு, போகும். வங்கிப் புத்தகத்தில் 40,000 ரூபா கிடந்தது, தங்கச்சியின் கலியாணக் காசு. அதில் கொஞ்சம் எடுத்தால் வட்டி மிச்சம் என்று, புதிதாக வீதக் கணக்குப் படித்த கெட்டித்தனத்தில், நான் அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அது கடனில்லையே, பிறகு யார் திருப்பி வைக்கிறது?" என்றார்.

அடைவுத் துண்டை எட்டாக மடித்துத் திருநீற்றுக் குட்டானுக்குள் வைத்திருப்பார். காலையில் திருநீறு எடுக்கும்போது விரல் அதில் படும். சாம்பல் ஊறி எழுத்து மங்கிப்போயிருக்கும். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துத்தான் வாசிப்பார். வெங்காயம் விற்ற கையோடு அம்மா பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது காப்பு கையில் இருக்கும். ஒருமுறைகூட அது முழுகிப்போகவில்லை. அந்த வட்டியை ஞாபகத்துக்குக் கொடுக்கிற கூலி என்று அம்மா நினைத்திருப்பாரோ என்று எனக்கு இப்போதுதான் படுகிறது. பத்தாம் வகுப்பில் அதை முட்டாள்தனம் என்று சொன்னேன். பாதி சரியாகத்தான் சொன்னேன்.

ஏனென்றால் 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது காப்பு அடைவில் கிடந்தது. வங்கிப் புத்தகம் அம்மாவின் இடுப்பில் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தோம். கடைக்குக் கூரை இல்லை, கடைக்காரர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்துக் காசு அப்படியே இருந்தது; எடுத்து வீட்டுக்கு ஓடு போட்டோம். யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு மாமா கொழும்பில் கடன்பட்டார். துண்டு மட்டும் குட்டானுக்குள்ளேயே கிடந்தது. நானும் எடுத்து எறியவில்லை.

எதற்கு இதையெல்லாம் உமக்குச் சொல்கிறேன்? ஸ்கூட்டர் கேட்ட பிள்ளைக்கு இடப்பெயர்வுக் கதை. பொறுத்துக்கொள்ளும்.

'தொட மனம் வரவில்லை' என்ற வரி எனக்குக் கோபத்தைத் தந்தது. வைப்பு என்ன கோயில் மூலஸ்தானமா? தினமும் நெல்லியடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற உடம்பும் உம்முடைய சேமிப்புத்தான். எடும். மிச்சம் 2 இலட்சம் வருத்தம் துன்பத்துக்குக் கிடக்கட்டும். ஆனால் சம்பளம் விழுகிற அன்றே 15,111 ரூபா வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்கூட்டரில் ஏற வேண்டும்.

முக்கியமானதை எழுதாமல் விட்டிருக்கிறீர். வைப்பு எப்போது முதிர்கிறது? 6 இலட்சமும் ஒரே பத்திரமா, இரண்டா? நிலையான வைப்பை முதிர்வுக்கு ஒரு மாதம் முன்னால் உடைத்தால் வட்டியில் வெட்டுவார்கள். அப்படியென்றால் இன்னும் ஒரு மாதம் பஸ்ஸில் போம். பத்திரத்தைப் பார்த்துத் திகதியை எழுதும்.