எட்டிப் பிடிக்கும் சுரம் உங்கள் சுரமல்ல

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறேன். வயது 36. ஆலயப் பாடகர் குழுவில் ஆள் குறைவு என்று என்னை டெனரில், அதாவது ஆண்களின் மேல்குரல் பிரிவில், நிறுத்திவிட்டார்கள். மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, திங்கட்கிழமை குரல் கம்மிவிடுகிறது. விடியற்காலை வெட்டுக்குப் போகையில் பாடினால் அடிக்குரல் நன்றாக இறங்குகிறது. என் குரல் எதுவரை போகும் என்று தொண்டையைக் கெடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விடியற்காலைக் கணக்கைத் தள்ளிவையுங்கள். தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் சற்று வீங்கியிருக்கும், குரல் தடித்து இறங்கும். பத்து மணிக்குத் தேடினால் அந்த அடிச்சுரம் இருக்காது. பால் எடுத்து முடித்து, குளித்து, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். சளி பிடித்த நாளில் வேண்டாம்.

முதலில் சின்னப் பிள்ளைகள் வண்டி ஓட்டுவதுபோல உதட்டைத் தளர்த்தி 'ப்ர்ர்ர்' என்று ஐந்து நிமிடம் ஏற்றி இறக்குங்கள். அப்புறம் கீபோர்டு. பேசுகிற குரலில் "ஆமா" என்று இழுத்து, அது எந்தக் கட்டையில் விழுகிறது என்று தேடுங்கள். அங்கிருந்து கறுப்புக் கட்டைகளையும் விடாமல் ஒவ்வொன்றாக இறங்குங்கள். சத்தம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவு போதும். சுரம் வெறும் காற்றாகவோ கரகரப்பாகவோ மாறினால், அதற்கு முந்தைய கட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப நடுவுக்கு வந்து, அதேபோல மேலே ஏறுங்கள். தாடை முன்னே தள்ளுகிறதா, கழுத்து இறுகுகிறதா, சத்தத்தைக் கூட்டினால்தான் சுரம் வருகிறதா? ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒன்றே ஒன்று" என்று எட்டிப் பிடிக்கிறீர்களே, அதுதான் திங்கட்கிழமைக் குரலைத் தின்கிறது.

பத்து நிமிடம் போதும். மூன்று நாள் பார்த்து, மூன்று நாளும் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராதனையில் பாடும்போது அதிலும் இரு முனையில் ஒன்றிரண்டு சுரத்தை விட்டுவிடுங்கள்.

டெனர் வரிகள் கீபோர்டின் நடு 'சி'க்கு மேலுள்ள 'எஃப்', 'ஜி' வரை சாதாரணமாகப் போகும். உங்களுக்கு அதற்குக் கீழே 'டி'யிலேயே கழுத்து இறுகினால், உங்களுடையது பாரிடோன் என்கிற நடுத்தர ஆண்குரலாக இருக்கலாம். ஆண்களில் அதுதான் அதிகம், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழுத் தலைவரிடம் சொல்லி, கீழ்க்குரல் பிரிவான பேஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். "கோயில் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு பாடுகிறார்களே" என்று யாராவது கேட்பார்கள். அங்கே சுருதி பாடுகிறவர் குரலுக்கு வைத்தது, மூச்சு வாங்கப் பின்பாட்டுக்காரர்கள் ஏந்திக்கொள்வார்கள். உங்களுக்கு அச்சடித்த இசைத்தாள்தான் சுருதி.

குரல் கம்மிய நாளில் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் நாணை இறுக்கும். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்க வலித்தாலோ, இருமலில் ரத்தம் தெரிந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.