இரண்டணாவுக்காக நடந்த வங்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கர்நாடகத்தில் உடுப்பியை ஒட்டிய மணிப்பாலின் டி. எம். ஏ. பை பற்றி நீங்கள் எழுதிய நினைவுக் குறிப்பை வாசித்தேன். சிண்டிகேட் வங்கியை உருவாக்கியவர், ஆளில்லாத குன்றில் கல்லூரிகளைக் கட்டியவர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘வள்ளல்’ என்று எழுதியிருந்தீர்கள். ஊரார் பணத்தை வாங்கி வட்டிக்கு விட்டு லாபம் பார்ப்பதுதானே வங்கித் தொழில்? அதில் கொடை எங்கிருந்து வந்தது? மருத்துவக் கல்லூரியில் நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் தரும் வழக்கத்துக்கு வழி காட்டியதும் மணிப்பால்தான் அல்லவா?

என் அண்ணன் 1980களில் வேறொரு தனியார் கல்லூரியில் மருத்துவ இடம் கேட்டுப் போனான். தொகையைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

இன்னொன்று. அந்த வங்கியைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். நீங்கள் ஒருவரை மட்டுமே குறிப்பிட்டீர்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா எழுந்து வந்த அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே மேலே செல்ல முடியவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ‘வள்ளல்’ என்ற சொல்லுக்கு நான் பொறுப்பேற்க வேண்டும்.

1925இல் உடுப்பியில் ‘கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட்’ தொடங்கப்பட்டபோது அதன் முதலீடு 8,000 ரூபாய். உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. கைத்தறித் தொழில் நொடித்துப்போய் நெசவாளர்கள் திண்டாடிய நேரம். அவர்களுக்குக் கைகொடுப்பதே வங்கியின் முதல் நோக்கம். பை ஒரு மருத்துவர். அவருக்கு வயது 27.

மூன்றாண்டுகள் கழித்து, 1928இல், பிக்மி சேமிப்புத் திட்டம் வந்தது. வங்கியின் முகவர் தினமும் வீடு தேடி வருவார். இரண்டணா கொடுத்தாலும் வாங்கிப் பதிந்துகொள்வார். திட்டம் இவ்வளவுதான். இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று ரூபாய்க்குப் பதினாறணா. நாளைக்கு இரண்டணா என்றால் மாதத்துக்கு மூன்று ரூபாய் பன்னிரண்டணா, வருடத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய் பத்தணா. கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணால் நாற்பத்தைந்து ரூபாயை ஒருநாளும் ஒருசேரக் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டணாவை அவள் தினமும் பார்க்கிறாள். பார்த்த அன்றே அது செலவாகியும் விடுகிறது. அந்தச் சிறுவாட்டுக் காசு கரைவதற்குள் அதை எடுத்துவைக்க ஒருவர் வாசலுக்கு வரவேண்டும்.

நம் ஊர்களில் வாசலுக்குத் தினமும் வந்தவர் தண்டல்காரர். காலையில் கடன் கொடுத்து மாலையில் வட்டியோடு பிடுங்குபவர். ஏழையின் வாசலுக்கு அன்றாடம் நடந்துபோனால் லாபம் உண்டு என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். அதே நடையை எதிர்த்திசையில் நடக்கவைத்தது பிக்மி. அந்த வாசலிலிருந்து எடுத்த காசு, வட்டியோடு அந்த வாசலுக்கே திரும்பியது.

அந்தக் காலத்தில் ஒரு வங்கியிடம் காசைக் கொடுப்பது சாதாரணக் காரியமா? 1906இல் சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் சரிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டது. வைப்புத்தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடே நம் நாட்டில் 1962இல்தான் வந்தது. அதற்கு முன்பு வங்கி விழுந்தால் போட்டவர் பணம் போனது போனதுதான். இரண்டணாக்காரிக்கு வழக்கறிஞர் வைத்து வாதாடவா முடியும்? அவள் பணத்தை வாங்கியவர்கள் எவ்வளவு பெரிய கடனைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நீங்கள் சொல்வதுபோல வங்கிக்கும் இதில் ஆதாயம் உண்டு, நான் அதை மறைக்கவில்லை. ஒரு பணக்காரரின் பெரிய வைப்புத்தொகை ஒரே நாளில் வெளியேறிவிடும். ஆயிரம் பேரின் இரண்டணாக்கள் அப்படிக் கிளம்பிவிடாது. இன்னொன்றையும் பாருங்கள். நிலப்பத்திரம் இல்லாத, நகை இல்லாத ஒருவர் கடன் கேட்டு வந்தால் எதை நம்பிக் கொடுப்பது? முந்நூறு நாள் விடாமல் காசு கட்டியவரின் அட்டையே அவருக்குச் சாட்சி. நம் மரபில் வள்ளல் என்றால் கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. இங்கே ஏழையின் கை மேலே இருந்தது, வங்கி கீழே நின்று ஏந்தியது. அவர்களை இரப்பவராகப் பார்க்காமல் கணக்குள்ளவராகப் பார்த்ததைத்தான் நான் கொடை என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் உடுப்பி ரத வீதியில் ஒரு மாலைப்பொழுது நின்றுகொண்டிருந்தேன். மல்லிகை விற்ற அம்மாளிடம் ஒருவர் கையடக்க இயந்திரத்தோடு வந்தார். அவர் கேட்கவில்லை, அந்த அம்மாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பூ தொடுத்தபடியே சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். சீட்டு வந்ததும் அதை மட்டும் கவனமாகப் படித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். எந்த வங்கி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த நடையை நடந்தவர்களையும் இங்கே சொல்லவேண்டும். என் குறிப்பில் அவர்களை விட்டுவிட்டது எனக்கே வருத்தம். வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாய்ப் போன முகவர்கள் கமிஷனுக்கு உழைத்தவர்கள், வங்கி ஊழியர்களாக எண்ணப்படாதவர்கள். அவர்களும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆனது. 1969இல் வங்கி நாட்டுடைமையாகியும் முப்பது வருடங்களுக்கு மேல். பையின் பெருமையைப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

மணிப்பாலின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலரும் எழுதியதுதான். மண்ணுபள்ள என்ற ஏரியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. 1942இல் பொதுக் கல்விக்கான அகாடமி, 1953இல் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, 1957இல் பொறியியல் கல்லூரி. மருத்துவக் கல்லூரி பிறந்த நாளில் மணிப்பால் சென்னை மாநிலத்தில் இருந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை.

இனி உங்கள் அண்ணன். மாணவர் குடும்பங்களிடம் நன்கொடை பெற்று மருத்துவக் கல்லூரி நடத்தலாம் என்பதை மணிப்பால் செய்து காட்டியது உண்மை. அரசிடம் பணமில்லாத, மருத்துவர்களுக்குப் பஞ்சமான காலத்தில் அது ஒரு வழியாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் கல்லூரியை மறந்துவிட்டு வழியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். சொல்லமாட்டேன். இடத்துக்கு விலை வைத்தால் வெளியே நிற்பது யார் என்று, இரண்டணாவின் அருமை தெரிந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலுக்கு வங்கியை அனுப்பியவரின் கல்லூரி வாசலில் அந்த இரண்டணாக்காரியின் மகன் நுழைய முடியாமல் போனது அவர் வாழ்க்கையின் ஆறாத முரண். 2002இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, நன்கொடைக் கட்டணம் கூடாது, நியாயமான உபரி இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்குக்கு டி. எம். ஏ. பை அறக்கட்டளை வழக்கு என்றே பெயர். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்று அவரை அப்படித்தான் அறிகிறார்கள். அவர் 1979 மே மாதமே காலமாகிவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘வள்ளல்’ என்ற சொல்லை நான் நீக்கவில்லை. உங்கள் அண்ணனின் கதையை, நீங்கள் சம்மதித்தால், அந்தக் குறிப்பின் அடியிலேயே சேர்க்கிறேன். இரண்டையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

மூன்று பெயர்கள் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அண்ணன் உபேந்திர அனந்த பை, பொறியாளர் வாமன் ஸ்ரீனிவாச குட்வா ஆகிய இருவரையும் விட்டது என் பிழை. இன்று காலை திருத்திவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்