வெயில் கொளுத்தும் ஊரில் முதல் முறையாகக் காய்கறித் தோட்டம் போடப்போகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

கீரையில் ஆரம்பியுங்கள். தக்காளி வேண்டாம். நான் தக்காளியில் ஆரம்பித்துப் பட்டவன்.

எங்கள் ஊர் வேலூர், தோட்டம் மொட்டைமாடியில். மார்ச் மாதத்தில் பத்து நாற்று வாங்கி வைத்தேன். செடி என்னவோ தளதளவென்றுதான் வந்தது. ஏப்ரலில் பூத்தது. காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு தரையில் கிடக்கும். சத்து போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியில் மகரந்தம் கெட்டுப் பிஞ்சே பிடிக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பத்துச் செடிக்கும் சேர்த்து மூன்று காய். ஒரு நாள் ரசத்துக்கு ஆனது.

ஆடிப்பட்டம் வரை பொறுங்கள். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, செடி வளர்க்கும் பைக்கு இரண்டாக ஊன்றினால் 45 நாள் வாக்கில் முதல் காய் பறிக்கலாம். கொத்தவரையும் வெயிலுக்கு அசராது. தண்டுக்கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். விதை பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், கூடவே ஓரமாகக் கொஞ்சம் அரிசி நொய்யும் போடுங்கள். எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பிக்கும். தக்காளி ஆசை விடவில்லையென்றால் புரட்டாசியில் விதையுங்கள், தை மாதக் குளிரில் காய்க்கும்.

மாடியாக இருந்தால் பையைத் தளத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். ஒரு நாள் மதியம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சுட்டது. வேர் என்ன பாடுபட்டிருக்கும்! இப்போது ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு. தண்ணீர் காலை ஏழு மணிக்குள். சாயங்காலம் விட்டால், வெயிலில் கிடந்த ட்யூபில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவையுங்கள்.

பச்சை நிழல்வலை வாங்குவதாக இருந்தால் வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை போதும். ஆனால் மாசியிலேயே கட்டிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாடியில் நின்று கம்பி முறுக்கினால் எப்படி இருக்கும் என்று என் உள்ளங்காலைக் கேளுங்கள்.