தானாகப் பொங்கிய ஆழ்துளைக் கிணற்றில் நீர் நின்றது ஏன்?

கேள்வி: கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி அருகே எனக்கு மூன்று ஏக்கர் நன்செய் நிலம் உள்ளது. தந்தையார் காலத்தில் போட்ட ஆர்ட்டீசியன் போரில் (நிலத்தடி அழுத்தத்தால் நீர் தானாக மேலேறும் ஆழ்துளைக் கிணற்றில்) மோட்டார் இல்லாமலே இரவும் பகலும் நீர் வழிந்தது. இப்போது மோட்டார் வைத்தே இறைக்கிறோம். இன்னும் ஆழமாகப் புதிய போர் போட்டால் நீர் தானாகப் பொங்குமா? பண்ணைக்குட்டை வெட்டினால் பழைய ஊற்று திரும்புமா?

பதில்: ஆழத்தைக் கூட்டுவதால் மட்டும் நீர் பொங்காது. பொங்கச் செய்வது அழுத்தம். அந்த அழுத்தம் உங்கள் நிலத்தில் உருவாவதில்லை. நெய்வேலிக்கு வடக்கிலும் மேற்கிலும், முந்திரியும் பலாவும் விளையும் மேட்டுச் செம்மண் நிலங்களில் கடலூர் மணற்கல் என்னும், நீர் புகும் பாறை அடுக்கு தரைமட்டத்திலேயே தெரிகிறது. அங்கே இறங்கும் மழைநீர், கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும் அந்த மணற்கல்லின் வழியே களிமண் அடுக்குகளுக்கு அடியில் வந்து, மேலே ஏற வழியின்றி அழுத்தத்துடன் அடைபட்டு நிற்கிறது. நாம் துளையிடும்போது அந்த நீர் தன் அழுத்தமட்டம் வரை ஏறும். அம்மட்டம் தரைக்கு மேல் இருந்தால் வழியும். தரைக்குக் கீழே இருந்தால், எத்தனை அடி துளைத்தாலும் மோட்டார் தேவைப்படும்.

இவ்வட்டாரத்தில் அழுத்தமட்டம் தாழ்ந்ததற்குக் காரணங்கள் பல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளுவதால், சுரங்கத்தின் அடித்தளம் உடைந்துவிடாதபடி அங்கே தொடர்ந்து நீரை இறைக்க வேண்டியுள்ளது. அதே நீரடுக்கிலிருந்து வேளாண் போர்களும் ஊர்க் குடிநீர்க் கிணறுகளும் எடுக்கின்றன. தடையின்றி வழியவிட்ட போர்களின் பங்கும் சிறியதன்று: வினாடிக்கு 5 லிட்டர் வழியும் ஒரு குழாய் ஒரு நாளில் 4,32,000 லிட்டர் நீரை வெளியேற்றும், இரண்டு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்ட அது போதும். இன்றும் எங்கேனும் வழியும் போர் இருந்தால், அதில் வால்வு பொருத்தித் தேவையில்லாத நேரத்தில் மூடி வைப்பது உரிமையாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

புதிய போருக்குச் செலவிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்திவைத்து, விடியற்காலையில் உங்கள் போரின் நீர்மட்டத்தையும், அதே ஆழமுள்ள அண்டை நிலத்துப் போர்களின் நீர்மட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். அண்டையாரும் அன்றிரவு இறைக்காமல் இருப்பது அவசியம். எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால், ஊர் முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். புதிய போர் அதை மாற்றாது. உங்களுடையது மட்டும் தாழ்ந்திருந்தால், துளையின் சுவர் சரியாமல் தாங்கும் பழைய இரும்பு உறைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, கீழடுக்கு நீர் வழியிலேயே மேல் மணலுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். நீருடன் மணலும் வந்தால் சந்தேகம் வலுக்கும்.

பண்ணைக்குட்டை வெட்டுங்கள், ஆனால் அதன் நீர் களிமண்ணைத் தாண்டி அந்த ஆழத்துக்கு இறங்காது. மேல்மட்டக் கிணற்றுக்கு உதவும், மழை இடைவெளியில் பயிரைக் காக்கும். ஆழ்நீருக்கான மழைநீர்ச் சேமிப்பு மேட்டுச் செம்மண் பகுதியில்தான் நடைபெற வேண்டும்.

உறைக்குழாய்தான் பழுது என்று உறுதியாகிப் புதிய போர் போட நேர்ந்தால், களிமண் அடுக்குக்கு நேரே புதுக்குழாயின் வெளிப்புறத்தைச் சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். பழைய போரையும் அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் கலவையால் நிரப்பி மூடிவிடுங்கள். அதைத் திறந்தபடி விட்டால் அதே கசிவு தொடர்ந்து, புதிய போரின் நீர்மட்டத்தையும் இறக்கும்.