அந்த மான் யார்?

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் நான்காம் பருவத்தில் இரண்டாம் அத்தியாயமான 'த பால்மோரல் டெஸ்ட்'டைத் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். காயம்பட்ட ஒரு மான் அரச குடும்பத்தின் ஸ்காட்லாந்து எஸ்டேட்டான பால்மோரலுக்குள் வருகிறது. கடைசியில் அதன் தலை சுவரில் ஏறுகிறது. மான்தான் டயானா என்கிறாள் ஒருத்தி. அப்போதைய பிரதமர் தாட்சர் என்கிறாள் இன்னொருத்தி. மூன்றாமவள் கொம்பின் கிளைகளை எண்ணிவிட்டு, அது பிரிட்டிஷ் பேரரசு என்கிறாள். என் தம்பியோ, "மான் வெறும் மான்தான், உங்களுக்கு வேறு வேலை இல்லை" என்கிறான். யார் சொல்வது சரி? இதையெல்லாம் சரிபார்க்க ஏதாவது வழி உண்டா? தயாரித்தவர்களின் பேட்டிகளை முன்னாடியே கேட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பியிடமிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அவர் சொல்வது பாதி சரி. ஸ்காட்லாந்து மலைநாட்டு எஸ்டேட்டில் கோடை முடிவில் நடக்கும் கதை இது. ஆண்மான் வேட்டைக்கு அதுதான் பருவம். மான் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு இது பழகிய இடம். உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைத்து வைத்த பொருள், அந்தந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்துதான் (அங்கே உள்ள விலங்கு, பூ போன்றவை) எழும். மருத நிலத்தில் எருமை தாமரையைத் தின்றால் அது எருமையும்தான், பரத்தை வீட்டுக்குப் போன தலைவனும்தான். ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போய்விடாது.

ஆகவே 'மானா, குறியீடா' என்று சண்டை போட வேண்டாம். இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா, யாராவது தேர்ந்தெடுத்து இப்படி வைத்தார்களா என்று கேளுங்கள். வேறு விதமாகவும் எடுத்திருக்கலாம் என்னும்போது இப்படி எடுத்திருந்தால், அங்கே பொருள் தேடலாம். வேறு வழியே இல்லாமல் வந்து நின்றதில் தேடினால் கிடைப்பது நம் கற்பனை மட்டும்தான்.

இதற்கு நல்ல எச்சரிக்கை 'டவுன்டன் அபி' தொடரின் சாப்பாட்டு அறை. பிரபு மேசையில் அமரும்போதெல்லாம் பின்னால் குதிரைமேல் முதலாம் சார்லஸ் மன்னர், வான் டைக்கின் பெரிய ஓவியம். 1649இல் தலை வெட்டப்பட்ட மன்னர் அவர். பிரபுக்களின் காலம் முடியப்போகிறது என்பதற்கான குறி என்று ஒரே மூச்சில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்தக் காட்சிகள் எடுக்கப்பட்டது ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் கோட்டையில். ஓவியம் அந்த வீட்டுக்குச் சொந்தம், படக்குழு வருவதற்கு முன்பே அங்கே தொங்குவது. அதே தொடரின் சமையலறையும் வேலைக்காரர் பகுதியும் ஈலிங் ஸ்டூடியோவில் கட்டிய செட். அங்கே அலமாரியில் ஒரு பாத்திரம் இருந்தால்கூட யாரோ ஒருவர் கையால் வைத்தது. ஒரே தொடர்தான், ஆனால் மாடியில் இருப்பதற்கும் கீழ்த்தளத்தில் இருப்பதற்கும் சாட்சி மதிப்பு ஒன்றல்ல. ஆனால் ஒன்று: கேமரா அந்த ஓவியத்தைத் தேடிப் போய் நின்றால் கதை மாறும். அப்போது தேர்வு ஓவியத்தில் இல்லை, ஷாட்டில் இருக்கிறது.

இனி உங்கள் மான். இது தேர்வுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வேட்டைதான் வேண்டும் என்றால் நல்ல நிலையில் உள்ள ஒரு மானைக் காட்டியிருக்கலாம். இந்த மானோ ஏற்கெனவே காயம்பட்டது. காயப்படுத்தியவர் பக்கத்து எஸ்டேட்டில் காசு கொடுத்து வேட்டையாட வந்த விருந்தாளி. தொடரை எழுதிய பீட்டர் மோர்கன், 2006இல் வந்த 'த குயின்' படத்துக்கும் திரைக்கதை எழுதியவர். டயானா இறந்த வாரத்தில் நடக்கும் அந்தக் கதையிலும் பால்மோரலில் ஒரு ஆண்மான் வருகிறது, அதையும் பக்கத்து எஸ்டேட் விருந்தாளிதான் சுடுகிறார். ஒரே எழுத்தாளர், ஒரே இடம், ஒரே விலங்கு. தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

தேர்வு என்று தெரிந்த பிறகுதான் பொருத்திப் பார்க்கும் வேலை. உள்ளுறைக்கு உரையாசிரியர்கள் செய்வதையே செய்யுங்கள்: உறுப்புக்கு உறுப்பு பொருத்துங்கள். காயம் யாரால் வந்தது, எல்லை தாண்டி எங்கே வந்தது, யார் துரத்துகிறார்கள், யார் சுடுகிறார்கள், அப்போது பக்கத்தில் யார், உடல் எங்கே போகிறது. ஆறு கேள்விகள். மான் டயானா என்றால், வெளியிலிருந்து வந்தது பொருந்துகிறது. குடும்பமே சேர்ந்து ஒன்றைக் குறிவைப்பது பொருந்துகிறது. சுவரில் ஏறுவது அச்சாகப் பொருந்துகிறது. இடறும் இடம் ஒன்று உண்டு: சுடும் நேரத்தில் ராணியின் கணவர் பிலிப்புக்குத் துணையாக நிற்பதே டயானாதான். அன்று அவள் வேட்டைக்காரர் பக்கம்.

இந்த இடறலைப் பார்த்து வாசிப்பைத் தூக்கிப் போட வேண்டாம். டயானா என்பது ரோமானியர்களின் வேட்டைத் தெய்வத்தின் பெயர். வேட்டைத் தெய்வத்தின் பெயர் கொண்டவளே இறுதியில் மிக அதிகமாக வேட்டையாடப்பட்டாள் என்ற கருத்தை அவருடைய தம்பி ஸ்பென்சர் பிரபு 1997 செப்டம்பர் 6 இறுதிச் சடங்கு உரையிலேயே சொல்லிவிட்டார். உலகமே கேட்ட உரை. 2020இல் டயானாவை வேட்டைக்கு அனுப்பும் எழுத்தாளருக்கு அது தெரியாமல் இருக்காது. துணை நின்று வீழ்த்திய மானின் இடத்துக்குத் தானே போகப் போகிறாள் என்று படித்தால் இடறல் விலகுகிறது. (ரோமானியக் கதையில் டயானாவைப் பார்த்துவிட்டதால் மானாகிச் சொந்த நாய்களாலேயே சாகும் ஆக்டியோனை யாராவது இழுத்து வரக்கூடும். ஆறு கேள்விகளில் ஒன்றுகூட அங்கே ஒட்டவில்லை. விட்டுவிடுங்கள்.)

மான் தாட்சர் என்பது இந்தச் சோதனையில் தேறவில்லை. மான் விழுவதற்கு முன்பே அவர் லண்டனுக்குத் திரும்பிவிடுகிறார். ஆனால் உங்கள் தோழி எதையோ சரியாக மோப்பம் பிடித்திருக்கிறார். திரும்பிய தாட்சர் செய்யும் முதல் வேலை அமைச்சர்களை வெளியேற்றுவது. அவரும் வேட்டையாடுகிறார், வேறு காட்டில். மானோடு பொருத்தாமல் வேட்டையோடு பொருத்தினால் உங்கள் தோழியின் வாசிப்பு நிற்கும்.

இங்கே பழைய காலத்தைக் காட்டும் தொடர்களின் ரசிகர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் ஒரு சோதனை இருக்கிறது. நடந்த தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, தொடர் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். டயானா பால்மோரலில் தங்கியது 1980இல். கில்மர், சோம்ஸ், கார்லைல் ஆகிய அமைச்சர்களைத் தாட்சர் நீக்கிய பெரிய மாற்றம் நடந்தது 1981 செப்டம்பர் 14இல், அதாவது ஜூலை 29இல் டயானா, சார்லஸ் திருமணம் முடிந்த பிறகு. தொடரில் இந்தப் பதவிநீக்கம் நிச்சயதார்த்தத்துக்கும் முன்னால் வருகிறது. நடந்ததை நடந்தபடி காட்டினால் அது வரலாறு தந்தது. தேதியை நகர்த்திப் பக்கத்தில் வைத்தால் அது எழுத்தாளர் தந்தது. எங்கள் கணக்கில் இதைவிட வலுவான தடயம் கிடையாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: குறியீடு அழகாக அமைந்திருப்பதால் அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிடக் கூடாது. இந்தப் பருவம் வந்த சில வாரங்களிலேயே, இது புனைவு என்று அறிவிப்புப் போடுங்கள் என்று பிரிட்டனின் பண்பாட்டுத் துறை அமைச்சர் கேட்டதும், நெட்ஃபிளிக்ஸ் மறுத்ததும் செய்தியாயின.

கொம்பை எண்ணிய தோழிக்குப் பாராட்டு. அது வெட்டி வேலை இல்லை. பிரிட்டனில் 12 கிளைகள் உள்ள ஆண்மானுக்கு 'ராயல்' என்று பெயர், 14 என்றால் 'இம்பீரியல்' (பேரரசுக்கு உரியது), 16 என்றால் 'மோனார்க்'. லேண்ட்சியர் 1851இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தின் பெயரில் 'மோனார்க்' இருந்தாலும், மானுக்கு 12 கிளைதான். தமிழ் சப்டைட்டிலில் இந்தச் சொற்கள் 'பெரிய மான்' என்று சுருங்கிவிடலாம். அதனால் ஆங்கில வசனத்தை ஒருமுறை கேளுங்கள். இம்பீரியல் மான், காசு கொடுத்து வந்தவன் கையால் சரியாகச் சுடத் தெரியாமல் புண்பட்டது என்றால், பழைய பிரிட்டனைப் புதுப் பணம் காயப்படுத்தியது என்ற வாசிப்புக்கு முதல் கேள்வி கச்சிதமாக விடை தருகிறது. ஆனால் கடைசிக் கேள்வியில் தடுமாறுகிறது. தலையைச் சுவரில் மாட்டுவது அந்தப் பழைய பிரிட்டனே அல்லவா? எங்கள் தீர்ப்பு: தொடக்கத்துக்குப் பேரரசு, முடிவுக்கு டயானா. ஒரே குறியீடு ஒரே அத்தியாயத்தில் கைமாறக் கூடாது என்று சட்டம் இல்லை.

வழக்கம் தெரியாததால் வரும் பிழைகள் தனி. காயம்பட்ட மானைத் தேடிப் பிடித்து முடித்துவிடுவது அங்கே வேட்டைக்காரரின் கடமை. விட்டுவிட்டால் பல நாள் துடித்துச் சாகும். இது தெரியாமல் பார்த்தால் பிலிப் கொடூரராகத் தெரிவார். தாட்சரின் நீல உடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் கன்சர்வேட்டிவ் கட்சியின் நிறம், அதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் பளிச்சென்று தெரியும் என்பதைச் சிலரே சொல்வார்கள். மலைச்சரிவில் மங்கலான ட்வீடு கம்பளி உடைகளுக்கு நடுவே அந்த உடை, வேட்டையையே கெடுக்கும் உடை. கட்சி நிறம் என்று மட்டும் படித்தால் அது அடையாளம். மானின் கண்ணால் படித்தால், இந்த இடத்தின் விதி தெரியாதவர் என்பது வசனமே இல்லாமல் விளங்கும்.

நிறத்தில் சறுக்க இன்னொரு வழி, இன்றைய அகராதியை அன்றைய உடைக்குப் போடுவது. விக்டோரியா காலக் கதையில் விதவை கறுப்பிலிருந்து வெளிர் ஊதாவுக்கு மாறினால் 'புதுக் காதல்' என்று குதிக்கிறார்கள். அது அரைத் துக்கத்துக்கு உரிய நிறம். சாம்பல், வெளிர் ஊதா எல்லாம் துக்கத்தின் அடுத்த படிகள்தான்.

செய்முறைக்கு வருவோம். முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். எது மனதில் தங்கியதோ அதை மட்டும், மூன்று நான்கு வரியில் எழுதிவையுங்கள். இரண்டாம் தடவை நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நிமிடமும் நொடியும், பொருள், அதற்கு முந்தைய ஷாட், அடுத்த ஷாட். முக்கியம் கடைசி இரண்டும். மானிலிருந்து வெட்டி யார் முகத்துக்குப் போகிறார்கள் என்பது எடிட்டிங் மேசையில் எடுத்த முடிவு, அங்கே தற்செயலுக்கு வேலை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 15 குறிப்புக்கு மேல் போனால் நீங்கள் எல்லாவற்றையும் குறிக்கிறீர்கள் என்று அர்த்தம். பாதியை அடியுங்கள். மூன்றாம் தடவை சந்தேகமான காட்சிகளை மட்டும் ஒலியை அணைத்துப் பாருங்கள். இசை நமக்குச் சொல்லிக்கொடுத்த உணர்ச்சி போனபின்னும் அந்தத் தொடர்பு தெரிகிறதா என்பது தெரிந்துவிடும்.

மெழுகுவர்த்தி குட்டையாகி மறுபடி நெட்டையாவது, கோப்பையில் மது ஏறி இறங்குவது, கடிகார முள் தாவுவது இவற்றை நோட்டில் ஏற்றாதீர்கள். ஒரே காட்சியைப் பல முறை எடுத்து ஒட்டும்போது வரும் கன்டினியூட்டி கோளாறு அது. காலம் உடைகிறது என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

பிறகு உங்கள் வாசிப்பை 'ஏனென்றால்' சேர்த்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, எந்தக் காட்சி இருந்தால் இது தவறாகிவிடும் என்றும் ஒரு வாக்கியம். இரண்டாவதை எழுத முடியவில்லை என்றால் முதலாவது எதையும் சொல்லவில்லை. நீங்கள் நால்வரும் பேசும்போது "எந்த நிமிடத்தில்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே அடுத்த வரி என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

பேட்டிகள்: கடைசியில் கேளுங்கள். இந்தத் தொடருக்கு அதிகாரபூர்வ பாட்காஸ்டே இருக்கிறது. முன்னாடியே கேட்டால் அவர்கள் சொன்னதை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். அதுவுமின்றி, பேட்டி தேர்வை உறுதிப்படுத்துமே தவிர முடிவை உறுதிப்படுத்தாது. 1960களில் நடக்கும் 'மேட் மென்' தொடரில் 2013இல் நாயகனின் மனைவி மேகன் சிவப்பு நட்சத்திரம் போட்ட வெள்ளை டி-ஷர்ட்டில் வந்தாள். 1967இல் ஒரு பத்திரிகைப் படத்துக்காக நடிகை ஷரன் டேட் அணிந்ததும் அதே சட்டை. 1969 ஆகஸ்டில் டேட் கொலை செய்யப்பட்டார். சட்டை தற்செயல் இல்லை என்று உடை வடிவமைப்பாளர் ஜேனி பிரயன்ட்டே சொன்னார். உடனே மேகன் கொல்லப்படப் போகிறாள் என்று ரசிகர்கள் நாள் எண்ணத் தொடங்கினார்கள். 2015இல் தொடர் முடிந்தது, மேகன் உயிரோடுதான் இருந்தாள். சட்டையைக் கண்டுபிடித்தவர்கள் தவறு செய்யவில்லை. அந்தச் சட்டை ஒரு அச்சத்தையும் ஒரு காலத்தையும் அவள்மேல் போர்த்தியது. அதைப் பஞ்சாங்கம் போலப் பார்த்ததில்தான் பிசகியது.

உங்கள் தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். மான் வரும் காட்சிகளை மட்டும் தவிர்த்துவிட்டு அத்தியாயத்தை அவர் பார்க்கட்டும். கதை எந்த இடத்திலும் அறுபடவில்லை என்று வந்து சொன்னால் அவர் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிமிடத்தோடு.