கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாமா?

பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர், எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்பில் சேர உதவும் கேட் (GATE) தேர்வை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

3 மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத் திறனுக்கு மட்டும் 15 உண்டு. அதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழிவே கிடையாது, அவற்றைக் காலியாக விடாதீர்கள்.

பதிவு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில், அந்த ஆண்டு தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தளத்தில். தேர்வு பிப்ரவரியில். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே கொடுங்கள்; நம்மூர் இனிஷியல் இங்கேதான் தலைவலி. அப்புறம், தேர்ச்சி பெற்றாலே இடம் கிடைத்துவிடாது: என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. (CCMT) என்ற எம்.டெக். சேர்க்கைக்கான பொதுக் கலந்தாய்வு, ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம்.