இடப்பக்கம் ஒல்லி, வலப்பக்கம் பெட்டி

வணக்கம் சார்,

பிளாஸ்டிக் விமான மாடல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ஆசைப்பட்டு ஒரு கிட் வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1/72 அளவு. ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. காக்பிட் கண்ணாடி வெளுத்துவிட்டது. டீக்கால் என்ற மெல்லிய படலச் சின்னங்களை ஒட்டிய இடமெல்லாம் ஓரத்தில் வெள்ளியாக மினுக்குகிறது. ஒரு சின்னத் துண்டு வெட்டும்போதே தெறித்துப் போய்விட்டது. போதாததற்கு, ஒரு இறக்கைக்கு அடியில் பெரிய பெட்டியையும் இன்னொன்றில் ஒல்லிக் குழாய் ஒன்றையும் ஒட்டச் சொல்கிறது செய்முறைத் தாள். கிட்டே தப்பா? இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் செய்து முடித்த மாடலே கிடைக்குமே, ஏன் இந்த வேலை என்று மனைவி கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

கிட்டில் தப்பில்லை, தைரியமாக ஒட்டுங்கள். மார்க் 1 ஸ்பிட்ஃபயரில் விமானியின் வலப்பக்க இறக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி, மெர்லின் என்ஜினின் ரேடியேட்டர். இடப்பக்கத்து ஒல்லிக் குழாய் ஆயில் கூலர். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பின்னால் மார்க் 9 வந்தபோது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் சேர்ந்தது, குளிர்விக்க வேண்டிய சூடும் கூடியது. அதனால் அதில் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள். ஒரு எச்சரிக்கை: மாடலைக் கவிழ்த்து வைத்துத்தானே ஒட்டுவீர்கள்? அப்போது வலது இடதாகிவிடும். விமானி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஒருமுறை நினைத்துக்கொண்டு பசையை எடுங்கள்.

உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. செய்து முடித்த மாடலை வாங்கியிருந்தால் அலமாரியில் வைத்திருப்பீர்கள், வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். சக்கரக் கால்களை ஒட்டும்போது கவனியுங்கள், இரண்டும் உடம்பை ஒட்டியே இருக்கும், மடங்கும்போது வெளிப்பக்கமாக மடங்கும். நின்றால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடமே இல்லை. தரையில் அந்த விமானத்தை ஓட்டுவது ஏன் கவலையான காரியமாக இருந்தது என்று எத்தனை பக்கம் படித்தாலும் வராத தெளிவு, அந்தக் காலை விரலால் பிடித்துக்கொண்டிருக்கும்போது வரும். இறக்கையும் அப்படித்தான். அந்த நீள்வட்ட வடிவம் அழகுக்காக வந்ததில்லை. இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் மடங்கும் காலுக்கும் எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் உள்ளே இடம் வேண்டும். துப்பாக்கி ஓட்டைகளுக்கு வண்ணம் வைக்கும்போது, கடைசித் துப்பாக்கி எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, உங்கள் தொல்லைகளுக்கு வருகிறேன்.

இறக்கை இடைவெளிக்குப் பெரும்பாலும் காரணம் இறக்கை இல்லை, உடம்பு. இரண்டு பாதிகளையும் இறுக்கி ஒட்டியதில் உடம்பு கொஞ்சம் ஒடுங்கிவிடும். அடுத்த முறை பசை போடுவதற்கு முன் இறக்கையை வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவில் மீந்ததை ஒரு துண்டு வெட்டி உள்ளே முட்டுக்கொடுத்து உடம்பை அகட்டலாம். இப்போது இருப்பதற்குப் புட்டிதான் வழி. பூசி, காயவிட்டு, உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். தேய்க்கும்போது பக்கத்துத் தகட்டுக் கோடுகள் கொஞ்சம் அழியும். அழியட்டும். உருப்பெருக்கியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறவர் நண்பராக இருக்க முடியாது.

கண்ணாடி வெளுத்தது சூப்பர் க்ளூ ஆவியால். காயும்போது வரும் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்துவிடும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும், ஃபெவிகாலே போதும். படிந்தது லேசாக இருந்தால் துணியில் பற்பசை தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

டீக்கால் மினுக்குவது அடியில் மாட்டிக்கொண்ட காற்று. மங்கல் வண்ணத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம், படலம் முழுதாக ஒட்டாது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீக்கால், எல்லாம் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். இந்த வரிசையை யாரும் முதல் மாடலுக்கு முன் சொல்லித் தருவதில்லை. இப்போதைக்கு மினுக்கும் இடத்தில் ஊசியால் குத்தி, டீக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். ஓரளவு அடங்கும்.

காணாமல் போன துண்டுக்கு: அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். எள்ளளவு துண்டுக்கும் நீளமாக நிழல் விழும். அப்படியும் கிடைக்காமல், போனது ஆன்டெனா மாதிரி ஏதாவதென்றால் கவலை வேண்டாம். ஸ்ப்ரூ தண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, தொய்யும்போது வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமுடி கனத்தில் நூலாக வரும். இனிமேல் சின்னத் துண்டுகளை ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டு வெட்டுங்கள்.

வண்ணம் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. உங்கள் விமானம் எந்த மாதத்தது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1940 நடுப்பகுதி வரை இந்த விமானங்களின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அந்த ஜூனில்தான் ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை வந்தது. அந்தப் பச்சை எவ்வளவு பச்சை என்று சண்டை போட்டே ஆயுளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள். எந்தப் பச்சையானாலும் மெல்லியதாக அடியுங்கள், அதுதான் முக்கியம். 1/72இல் 0.1 மில்லிமீட்டர் பூச்சு என்பது நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர். காரைபோலத் தெரியும்.

மனைவியின் கேள்விக்கு மீதிப் பதிலை நான் சொல்லி அவர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. இடைவெளியும் வெளுப்புமாக இருக்கும் இந்த மாடலை அப்படியே முடித்துக் கையில் கொடுங்கள். ஆயில் கூலர் எது என்று அவரே கேட்டால் உங்கள் பக்கம் வந்துவிட்டார். கேட்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கிட்டும் ஒற்றை என்ஜின், வால் சக்கர விமானமாகவே இருக்கட்டும். இரட்டை இறக்கை விமானங்கள் இப்போது வேண்டாம், கம்பி கட்டிக் கட்டி வெறுத்துவிடும். அமெரிக்காவின் இரட்டை என்ஜின் பி-38 அழகான விமானம், வாங்கத் தோன்றும். அதற்கு மூக்குச் சக்கரம். உடம்பை மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் ஈயத் துண்டோ பால் பேரிங் குண்டோ ஒட்டி எடை ஏற்றாவிட்டால், முடித்து வைத்ததும் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு எடை என்று செய்முறைத் தாளிலேயே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதற்கு மேலேயே வையுங்கள்.

அன்புடன்.